வெறும் சித்தி என்று ஒன்று உண்டா?

வால்தம்ஸ்டோவில் எமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். ஊரில் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். இங்கு வந்து அகதி அந்தஸ்துக் கிடைக்கும்வரை வேலை செய்யும் உரிமையின்றி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர். அது கிடைத்தபின் ஹோ வீதியில் ஒரு கடையில் இரவுப் பணி. பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதும் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே புத்தகத்தை விரித்து, ‘அக்சுவரி’ பரீட்சைகளுக்குப் படித்து வருகிறார். அண்மையில் வெளியான பெறுபேறுகளில், முன்னர் இரு தடவை தவறவிட்ட ஒரு தாளில் அவர் சித்தியடைந்திருந்தார். சித்திக்கு வேண்டிய புள்ளி எதுவோ, அதுவே அவர் பெற்ற புள்ளி. ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கற்பக விநாயகர் கோயிலில் அர்ச்சனை செய்வித்து, மறுநாள் நாலைந்து பேரை வீட்டுக்கு அழைத்து மதிய உணவளித்தார். நாமும் போயிருந்தோம். வந்தவர்களுள் மூத்தவர், ஊரில் அதிபராயிருந்து இளைப்பாறியவர், பாயாசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “பாஸ் பண்ணினது நல்லது தம்பி. எத்தினை மாக்ஸ்?” நண்பர் மறுமொழி கூறாமல் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவிதான், “மாக்ஸ் எல்லாம் சொல்ல மாட்டினம் மாஸ்ரர், பாஸ் எண்டு மட்டுந்தான் வரும்” என்று சமாளித்தார். புள்ளி வந்திருந்தது என்பது எமக்குத் தெரியும். பொய் பேசி அறியாத ஒரு பெண்மணியை, மகிழ்ச்சியான ஒரு நாளில், பொய் சொல்ல வைத்த அந்தக் கேள்வியைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

அக்சுவரி என்பவர் யாரென்று அறியாத வாசகரும் இருக்கக்கூடும். மனிதர் எத்தனை ஆண்டு வாழ்வர், எத்தனை பேர் நோயுறுவர், எத்தனை வீடுகள் தீப்பற்றும் என்பவற்றை நிகழ்தகவு கொண்டு மதிப்பிட்டு, காப்புறுதிக் கட்டணமும் ஓய்வூதிய நிதியும் எவ்வளவாக இருக்கவேண்டும் என வரையறுக்கும் கணிப்பாளர் அவர். தனியொருவர் எப்போது இறப்பார் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் ஓரிலட்சம் பேரை எடுத்துக்கொண்டால் அவர்களுள் இத்தனை பேர் அடுத்த ஆண்டில் இறப்பர் எனக் கிட்டத்தட்டக் கூறிவிடலாம். வால்வெள்ளியாற் பெயர்பெற்ற எட்மண்ட் ஹலி, பிரெஸ்லோ நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693 இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணை இத்துறைக்குக் கால்கோளாயிற்று.

இத்துறையின் தோற்றத்தில் எம்மைப் போன்ற நாற்பது கடந்தோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியொன்று உண்டு. ஜேம்ஸ் டொட்சன் என்ற கணித ஆசிரியர் ஆயுட்காப்புறுதி பெற விரும்பினார். 45 வயதைக் கடந்தவர் என்று கூறி அன்றிருந்த சங்கம் அவரைச் சேர்க்க மறுத்துவிட்டது. வயது கூடியவரைத் தள்ளிவைப்பானேன், வயதுக்குத் தக்க கட்டணத்தைக் கணித்து அவரையும் சேர்க்கலாமே என்று அவர் சிந்தித்தார். 1757 இல் இறந்துபோன டொட்சன் அத்திட்டம் நிறைவேறியதைக் காணவில்லை. 1762 இல் இலண்டனில் தோன்றிய எக்குவிற்றபிள் சங்கம் அவருடைய வழியிலேயே அமைந்தது. ‘அக்சுவரி’ என்ற பதவிப் பெயரும் காப்புறுதித் துறையில் முதன்முதலாக அங்குதான் வழங்கப்பட்டது.

இலண்டனில் 1848 இலும் எடின்பரோவில் 1856 இலும் தோன்றிய இரு தொழில்சார் நிறுவனங்கள் 2010 இல் ஒன்றிணைந்தன. அந்த ஒன்றிணைந்த நிறுவனமே இன்று இப்பரீட்சைகளை ஆண்டில் இரு தடவை, ஏப்ரலிலும் செப்ரெம்பரிலும், நடத்துகின்றது. முழுத் தகைமை பெறப் பத்துக்கும் மேற்பட்ட படிகளைத் தாண்டவேண்டும். சித்திப்புள்ளி என்றுமே மாறாத ஒன்றன்று. தாளின் கடினத்தைச் சீர்தூக்கிப் பரீட்சகர்கள் ஒவ்வொரு முறையும் அதனைத் தீர்மானித்து வெளியிடுவர். பெரும்பாலும் 60 ஐ அண்டியே அது நிற்கும். அறுபது தானே என்று எளிதாக எண்ணிவிட வேண்டாம். சில தாள்களில் எழுதியோரில் அரைவாசிப் பேர்கூடத் தேறுவதில்லை. எழுதுவோரும் சாமானியரல்லர், கணிதத்திற் சிறப்புப் பட்டம் பெற்று, காப்புறுதிக் கம்பனிகளில் வேலைக்கமர்ந்து, கம்பனியே கட்டணம் செலுத்திப் படிப்பு விடுமுறையும் வழங்க, அவ்வசதிகளோடு எழுதும் இளைஞர்கள் அவர்களுட் பலர். எமது நண்பர் அவர்களோடு அதே தாளை எழுதினார், முதல்நாள் இரவு கடையில் நின்றுவிட்டு வந்து.

2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் இப்பரீட்சைகள் வீட்டிலிருந்தே கணினி வழியாக எழுதப்படுகின்றன. இரண்டு அறை வீட்டில் அதற்கு வேண்டிய அமைதிக்கு எங்கே போவது? மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லொயிட் பூங்காவுக்குப் போய்விட்டார். மழை பிடித்துக்கொள்ளவே அங்குள்ள வில்லியம் மொரிஸ் காட்சிக்கூடத்துள் மூன்று மணிநேரம் ஒதுங்கியிருந்தார்களாம். மொரிஸ் 1834 இல் வால்தம்ஸ்டோவிலே பிறந்தவர். காட்சிக்கூடமாக விளங்கும் அந்த வீட்டில் இளமையில் வாழ்ந்தவர். ஒக்ஸ்போட்டிலிருந்து சாதாரணச் சித்தியுடன் மட்டுமே வெளியேறியவர். இதைச் சொன்னால் எம்மவர், “அவர் கலைஞர் தானே, அவருக்கு என்ன புள்ளி” என்பர். ஆகையால் மொரிசை விட்டுவிடுவோம். கும்பகோணத்து இராமானுசனையும் சாட்சிக்கு அழைக்கப் போவதில்லை. பரீட்சையில் தவறிய மேதைகளைக் காட்டிச் சாதாரண மனிதருக்கு ஆறுதல் கூறுவது எமக்கு உடன்பாடன்று. எமது நண்பர் மேதையல்லர். தேவையானதைத் தேவையான அளவு கற்றுத் தேறிய ஒருவர். எமது அக்கறை அவரைப் பற்றியதே.

அப்படியாயின், “எத்தனை புள்ளி?” என்ற கேள்வி எமது நாவில் இத்துணை ஆழமாக வேரூன்றியது எவ்வாறு? அந்த அதிபர் தீய எண்ணத்தோடு அதனைக் கேட்கவில்லை. அவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த காலம் 1970 களின் தொடக்கம். 1971 இல் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, 400 புள்ளிகளுக்கு, மருத்துவ பீடத்துள் நுழையத் தமிழ்மொழி மூலம் எழுதியோருக்கு 250 புள்ளி வேண்டப்பட்டது. சிங்களமொழி மூலம் எழுதியோருக்கு 229 போதுமாயிருந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு அவர்களுக்கு 227, எமக்கு 250. பேராதனைக்கு 249 எடுத்த ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்திருப்பின், அப்பிள்ளையின் வீட்டில் அந்த ஒரு புள்ளி என்னவாயிருந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு புள்ளியிற் படிப்பு போயிற்று. பலருக்கு அதனோடு நாட்டின்மீது இருந்த நம்பிக்கையும் போயிற்று. அதன்பின் நிகழ்ந்தவற்றின் விளைவாகவே நாம் இன்று இந்தப் பத்திரிகையை இலண்டனில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் அந்தப் பத்தாண்டின் இறுதியிற் கைவிடப்பட்டபோதும் மாவட்ட முறை நிலைத்தது. இங்கு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மாவட்ட முறையினால் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வவுனியாவிலும் வசதி குறைந்த பாடசாலைகளிற் படித்த தமிழ்ப் பிள்ளைகள் நன்மை பெற்றனர். யாழ்ப்பாணத்தார் சிலர் தம் பிள்ளைகளை அம்மாவட்டங்களிற் பதிவுசெய்து அந்த நன்மையையும் தமதாக்க முனைந்தனர். வெட்டுப்புள்ளி எம்மை வருத்தியது உண்மை. எமக்குச் சில தந்திரங்களைக் கற்பித்ததும் உண்மை.

எமது தலைமுறைக்குப் பின்வந்தோருக்கு இஸட் புள்ளி வாய்த்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியற் பேராசிரியர் தட்டில் அவர்களின் ஆலோசனைப்படி 2001 முதல் நடைமுறைக்கு வந்த இம்முறையில், பரீட்சார்த்தி சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பது நான்கு தசமதானங்கள்வரை கணிக்கப்படுகிறது. முன்பு ஒரு புள்ளியில் தலைவிதி மாறியது. இப்போது ஒரு புள்ளியின் பத்தாயிரத்திலொரு கூற்றில் மாறுகிறது. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரை ஒன்றாகக் கலந்து இஸட் புள்ளி கணித்தமை தவறென்று வழக்காகி, 2012 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதனை மீளக் கணிக்கும்படி பணித்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

இவையெல்லாம் போட்டிப் பரீட்சைகள். இடங்கள் எண்ணப்பட்டவை. எனக்கு முன்னால் நிற்பவர் என் இடத்தை எடுத்துக்கொள்கிறார். அங்கே “எத்தனை புள்ளி?” என்று கேட்பது பொருத்தமே. வால்தம்ஸ்டோவில் எம்மவர் பிள்ளைகளைச் சனி ஞாயிறென்று பாராது ரியூசனுக்கு அனுப்பி, அயலிலுள்ள றெட்பிரிஜ் பகுதியின் இரண்டு கிராமர் பாடசாலைகளுக்குரிய ‘லெவன் பிளஸ்’ பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறார்களே, அங்கும் அக்கேள்விக்கு இடமுண்டு. தொழில்சார் தகைமைப் பரீட்சையின் இயல்பு வேறு. அங்கே கதிரைகள் எண்ணப்படவில்லை. ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. அதனைத் தாண்டியவர் எல்லோரும் உள்ளே வரலாம். கோட்டின்மேல் கால் வைத்தவரும் பத்தடி தள்ளிப் பாய்ந்தவரும் ஒன்றே.

இதனை எம்மவர் அறியாதவரல்லர். பிரித்தானியக் குடியுரிமைக்கான ‘இந்நாட்டு வாழ்க்கை’ப் பரீட்சையில் 24 வினாக்கள், 18 சரியாயிருந்தாற் போதும். சரியாகப் பதினெட்டு எடுத்தவர் எம்மிடையே ஆயிரக்கணக்கில் இருப்பர். அவருடைய கடவுச்சீட்டில் ஆறு பக்கம் குறைத்துக் கொடுக்கிறார்களா? சாரதிப் பயிற்சிக்கான எழுத்துப் பரீட்சையில் 50 க்கு 43 எடுத்தவரை, “வெறும் நாற்பத்துமூன்று தானா” என்று கேட்டு அவருடைய காரில் ஏற மறுப்போர் உண்டா? படிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் பழைய வடு நோகத் தொடங்கிவிடுகிறது.

கோட்டைக் கிழிக்கும் பக்கத்திலிருந்தும் சிறிது கூறவேண்டும். நாமும் சில ஆண்டுகள் பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளராக இருந்தோம். விடைத்தாள்களை இருவர் திருத்துவது அங்கு வழக்கம். ஒரே விடைத்தாளுக்கு நாம் 37 இட, மற்றவர் 44 இடுவார். இருவரும் நேர்மையாகத்தான் திருத்தியிருப்போம். சித்திப்புள்ளி 40. அந்த ஏழு புள்ளி இடைவெளியில் எங்கோ அந்த மாணவரின் உண்மையான அறிவு இருந்தது. எங்கே என்று எம் இருவருக்கும் தெரியாது. பரீட்சகர் கூட்டத்தில் விளிம்பில் நிற்கும் தாள்களை எடுத்து மறுபடி வாசிப்போம். ஒரு முறை அவ்வாறு செய்யவில்லை. ஊரடங்குச் சட்டம், மின்சாரமில்லை, பெறுபேறு மறுநாட் காலை போகவேண்டும். மண்ணெண்ணெய் விளக்கில் நாம் இட்ட 38 ஐ மற்றவரும் மறுக்காது ஒப்பமிட்டார். அந்த மாணவர் அடுத்த ஆண்டு மீண்டும் எழுத வரவில்லை. வன்னிக்குப் போய்விட்டதாகக் கூறினார்கள். அந்த 38 உண்மையில் 38 தானா என்று நாம் இன்றுவரை எம்மைக் கேட்டுக்கொள்கிறோம். புள்ளி என்பது அளவுகோலாற் கண்ட உயரம் போன்றதன்று என்பதை அந்தத் தாள் எமக்குக் கற்பித்தது. ஆகவே கோட்டில் நின்று தேறியவரை இகழ்பவர், இரண்டு மூன்று புள்ளிகளுக்கு அவை தாங்கவொண்ணாத பொருளை ஏற்றுகிறார்.

மறுபக்கத்து வாதம் ஒன்று உண்டு. அதனைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. மருத்துவரோ பொறியியலாளரோ அக்சுவரியோ, மட்டுமட்டாகத் தேறியவரிடம் எமது உயிரையும் ஓய்வூதியத்தையும் ஒப்படைக்கலாமா? பாடத்தில் நாற்பது வீதம் அறியாதவர் என்றல்லவா அதற்குப் பொருள்? இதற்குக் கணக்காலேயே ஒரு விடை கூறலாம். தற்செயலால் ஒரு தாளில் தேறலாம். ஒவ்வொரு தாளிலும் தேறும் வாய்ப்பு அரைக்கரைவாசி என்று வைத்துக்கொண்டால், பத்துத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே அவ்வாறு தேறும் வாய்ப்பு 1024 இல் ஒன்று. திரும்பத் திரும்ப எழுதலாமே என்பீர்கள், உண்மைதான். ஒவ்வொரு தடவையும் சில நூறு பவுண் கட்டணமும் ஆறு மாதமும் கொடுத்துத் திரும்ப எழுதுபவர், அந்த ஆறு மாதமும் படிக்கிறார். தற்செயல் மெல்ல மெல்ல அறிவாக மாறுவது அவ்வாறே.

புள்ளி மிகுந்தோர் எம்மைக் காப்பர் என்பதற்கும் உறுதியில்லை. முற்கூறிய எக்குவிற்றபிள் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். அக்சுவரி என்ற பெயருக்கே தாய்வீடு அது. குறித்த வீதத்தில் ஆண்டுத்தொகை தருவதாகப் பல்லாண்டுகளாக உத்தரவாதம் வழங்கி வந்த அந்நிறுவனம், வட்டிவீதம் வீழ்ந்தபோது அந்த உத்தரவாதத்தைத் தாங்கப் போதிய நிதியை ஒதுக்கியிருக்கவில்லை. உத்தரவாதம் பெற்றோரின் இலாபப் பங்கைக் குறைத்து ஈடுசெய்ய முற்பட்டது. 2000 யூலையிற் பிரபுக்கள் சபை அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் நிறுவனம் புதிய வாடிக்கையாளருக்குக் கதவடைத்தது. முதுமைக்கெனச் சேமித்த பெருந்தொகையானோர் நட்டமடைந்தனர். பென்றோஸ் பிரபுவின் விசாரணை அறிக்கை 2004 இல் வெளியாயிற்று. அக்சுவரித் தொழிலையே மீளாய்வு செய்த சேர் டெரிக் மொரிசின் அறிக்கை 2005 இல் வந்தது. அந்நிறுவனத்தை நடத்தியோர் பரீட்சையில் மட்டுமட்டாகத் தேறியவர்கள் என்று எவரும் குற்றஞ்சாட்டவில்லை. அவர்களைத் தட்டிக்கேட்போர் இல்லாதிருந்ததே அங்கு கண்ட பெருங்குறை. தம் கணக்கு பிழைத்திருக்கக்கூடும் என்ற அச்சம், இரு தடவை தவறி மூன்றாம் தடவை விளிம்பில் தேறிய ஒருவரிடம் சற்று அதிகமாகவே இருக்கும் என்பது எமது எண்ணம். அதனை நிரூபிக்க எம்மாலாகாது.

நிகழ்தகவும் கோடும் எமது வாழ்வுக்குப் புதியவையல்ல. இலங்கையிலிருந்து வந்த தமிழர் சிலரின் புகலிடக் கோரிக்கை தொடர்பான சிவகுமாரன் வழக்கில், 1987 டிசெம்பரில், பிரபுக்கள் சபை ஒரு கோட்டைக் கிழித்தது. திருப்பி அனுப்பப்பட்டால் துன்புறுத்தப்படுவதற்கு ‘நியாயமான அளவு சாத்தியம்’ உண்டா என்பதே கேள்வி என்றனர் நீதிபதிகள். நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த வழக்கிலே கோரிக்கையாளர் தோற்றனர். ஆனால் அக்கோடு நிலைத்து, பின்னர் வந்த எத்தனையோ பேரைக் காத்தது. 2022 ஆம் ஆண்டுச் சட்டம் அதன் ஒரு பகுதியை உயர்த்தியது. அவ்வாண்டு யூன் 28 முதல் விண்ணப்பித்தோர், தமது அச்சம் உண்மையானதே என்பதை ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதே கூடுதலாக நிகழக்கூடியது’ என்ற அளவுக்கு நிறுவவேண்டும். அதன் பின்னரே ‘நியாயமான சாத்தியம்’ ஆராயப்படும். இந்தக் கோட்டை எம்மில் எத்தனை பேர் மயிரிழையில் தாண்டினோம்! முதல் நேர்காணலில் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டிலும் தோற்று, புதிய சான்று கிடைத்து மூன்றாம் தடவை ஏற்கப்பட்டவரிடம், “எத்தனை வீதத்தில் அகதியானீர்?” என்று எவரேனும் கேட்டதுண்டா? எமது நண்பரின் கோவையும் அத்தகையதே. அவர் அதற்காக வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட்டதெல்லாம் ஒரு கணிதத் தாளுக்காக.

இத்துறையை நாட எண்ணுவோருக்கு ஒரு தகவல். மாணவ அங்கத்துவத்துக்குப் பிரித்தானியப் பட்டம் கட்டாயமில்லை. உயர்தரக் கணிதத் தகைமையோ அதற்கு இணையானதோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானம் உடையோருக்கு, நிபந்தனைகளுக்குட்பட்டு, சலுகைக் கட்டணமும் உண்டு. அதனைக் கேட்டுப் பெறவேண்டும். தாமாக எவரும் தரமாட்டார்கள். எமது நண்பரும் முதல் தாளுக்கு முழுக் கட்டணத்தைக் கட்டிய பின்னரே அதனை அறிந்தார்.

அடுத்த தாளை அவர் செப்ரெம்பரில் எழுதவிருக்கிறார். இதற்கிடையில் அந்த அதிபரின் பேரனுக்கு லெவன் பிளஸ் கணிதம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்திருக்கிறது. அதிபரே தொலைபேசியிற் கேட்டாராம். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, அதே சமையலறை மேசை. பிள்ளை முதல்நாட் பயிற்சித் தாளிற் பிழைவிட்ட கணக்குகளை மட்டும் தனிக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அத்தாளின் மேற்புறத்தில் புள்ளி எதுவும் இடவில்லை. மாலையில் அதிபர் வந்து, தாளை இருபுறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று நண்பரின் மனைவி சிரித்துக்கொண்டே கூறினார்.